மூன்று நாளில் ஒரு பட்டினம்



ஒல்லாந்து தேசத்திலே டெல்ஃப்ற் என்றொரு பழம்பட்டினம் உண்டு. வாய்க்கால்களும் அவற்றின் ஓரத்துப் பழைய வீடுகளும், நீலச் சித்திரம் தீட்டிய வெண்ணிறப் பாத்திரங்களும் அப்பட்டினத்திற்குப் புகழ் தந்தவை. ஐரோப்பாவுக்குச் செல்வோர் இத்தகைய பட்டினங்களிலே இரண்டு நாள், மூன்று நாள் தங்கிக் கோட்டையையும் கோயிலையும் கண்டு, அவ்வூர் உணவையும் சுவைத்துத் திரும்புவது வழக்கம். அதற்கென முன்கூட்டியே நூல்களைப் படித்து, எந்த வேளையில் எங்கே இருப்பது என்று கணக்கிட்டுக் கொண்டே புறப்படுகிறார்கள்.

17ஆம் நூற்றாண்டிலே யாழ்ப்பாணத்தைக் கைப்பற்றிய ஒல்லாந்தர், தம் நாட்டு நகரங்களின் பெயர்களை இங்குள்ள தீவுகளுக்கு இட்டனர். காரைநகருக்கு அம்ஸ்டர்டாம் என்று பெயர். வேலணை லெய்டன் ஆயிற்று. புங்குடுதீவு மிடில்பேர்க், நயினாதீவு ஹார்லெம், அனலைதீவு ரொட்டர்டாம், நெடுந்தீவு டெல்ஃப்ற். அப்பெயர்களுள் நெடுந்தீவின் பெயர் மாத்திரமே இன்றும் ஆங்கில வழக்கில் ஊன்றி நிற்கிறது. மற்றவற்றை நம் மக்கள் காதிலே வாங்கியதாகவே காட்டிக்கொள்ளவில்லை.

கடல் கடந்த டெல்ஃப்ற் நகரைக் காண்பதற்கு எடுத்துக்கொள்ளும் சிரத்தையிலே ஒரு பாதியையேனும் நமது டெல்ஃப்றைக் காண்பதற்கு நாம் எடுத்துக்கொள்கிறோமா என்பதே இன்று உங்கள் முன் வைக்க விரும்பும் கேள்வி.

யாழ்ப்பாணத்திற்கு மூன்று நாள் விடுமுறையிலே வருகின்றவர்கள் பலர். கொழும்பிலிருந்தும் கண்டியிலிருந்தும் வருகிறார்கள்; காலியிலிருந்தும் மாத்தறையிலிருந்தும் யாத்திரையாக வருகிறார்கள்; தமிழகத்திலிருந்து வருகிறார்கள்; இலண்டனிலும் ரொறன்ரோவிலும் பிறந்த பிள்ளைகளை அழைத்துக்கொண்டு பெற்றோர் வருகிறார்கள். இவர்களுட் பெரும்பாலோர் செய்வது யாது? வாகனம் ஒன்றை அமர்த்திக்கொண்டு, நல்லூர், நயினாதீவு, கீரிமலை, நிலாவரை, வல்லிபுரம், கசூரினாக் கடற்கரை என்று ஒரு நாளிலேயே ஓடி முடிக்கிறார்கள். ஒவ்வோரிடத்திலும் பதினைந்து நிமிடம், ஒரு படம், ஒரு குளிர்பானம். மூன்றாம் நாள் ஊர் திரும்பியபின், எந்தக் கிணறு எந்த ஊரிலே இருந்தது என்பதும் மறந்து போகிறது.

குறுகிய பயணத்தின் முதல் விதி, எதைக் காண்பது என்பதன்று. எதை விடுவது என்பதே. குடாநாட்டை மூன்று நாளில் முழுதும் கண்டுவிட முடியாது. ஆனால் மூன்று நாளில் அதை விளங்கிக்கொள்ளத் தொடங்கலாம். அதற்கேற்ற ஒழுங்கொன்றைச் சொல்லிப் பார்ப்போம்.

முதலிலே காலம். குடாநாட்டிற்குப் பெருமழை தருவது வடகீழ்ப் பருவக்காற்று. ஐப்பசி, கார்த்திகை, மார்கழி மாதங்களில் ஒழுங்கைகளெல்லாம் நீர் நிற்கும். தைப்பொங்கலுக்குப் பின் வானம் வெளுத்து, மாசி, பங்குனி வரை வெயிலும் பொறுக்கத்தக்கதாயிருக்கும். களப்பிலே பூநாரைகளையும் காணலாம். சித்திரைக்குப் பின் வெயில் கடுமையாகும். சோளகம் எழுந்தால் தீவுக் கடலும் கொந்தளிக்கும். ஆயினும் கறுத்தக்கொழும்பான் மாம்பழம் அவ்வெயிற் காலத்தின் கொடை. மாம்பழம் வேண்டுவோர் வெயிலையும் ஏற்றுக்கொள்ளத்தான் வேண்டும். ஆடி, ஆவணியிலே நல்லூர்த் திருவிழா இருபத்தைந்து நாள் நடைபெறும். அக்காலத்தில் விடுதிகளில் இடம் கிடைப்பது அரிது. பல வீடுகளில் மரக்கறி உணவே சமைப்பார்கள். நண்டுக்கறியை நினைத்துக்கொண்டு திருவிழாக் காலத்தில் வருபவர் ஏமாற நேரிடலாம். திருவிழாவைக் காண வருபவரோ அந்த ஊரின் மிகச் சிறந்த மரக்கறிச் சமையலை உண்டு திரும்புவார்.

அடுத்தது வழி. கொழும்பிலிருந்து யாழ்ப்பாணம் ஏறக்குறைய நானூறு கிலோமீற்றர். 1956ஆம் ஆண்டிலே ஓடத் தொடங்கிய யாழ்தேவி, 1990இலே போரினால் யாழ்ப்பாணத்திற்கு வருவதை நிறுத்தியது. தண்டவாளங்கள் பெயர்க்கப்பட்டு, புகையிரத நிலையங்கள் கூரையிழந்து நின்றன. 2014 ஒக்ரோபரிலே யாழ்ப்பாணத்திற்கும், 2015 சனவரியிலே காங்கேசன்துறைக்கும் புகையிரதம் மீண்டும் வந்தது. சென்னையிலிருந்து பலாலிக்கு விமானமும் நாகபட்டினத்திலிருந்து காங்கேசன்துறைக்குக் கப்பலும் உண்டு. ஆயின் இவை காலத்துக்குக் காலம் நிறுத்தப்படுவதும் மீளத் தொடங்கப்படுவதும் உண்டு. ஆகவே நாள் குறிப்பதற்கு முன் விசாரித்தறிவது நன்று. புகையிரதத்தில் வருவதாயின் பகலில் வாருங்கள். ஆனையிறவிலே உப்பு வெளியும் நீரும் இருபுறமும் விரிய, பெருநிலத்திலிருந்து குடாநாட்டிற்குள் நுழைவதைக் கண்ணாற் காண்பது, அந்நிலத்தின் அமைப்பை ஒரு நொடியில் விளக்கும் பாடமாகும்.

இனி முதல் நாள். அது பட்டினத்திற்கு உரியது. காலையில் பொது நூலகத்திலே தொடங்குங்கள். சென்னைச் சிற்பி நரசிம்மன் வரைந்த வடிவம்; நூலக இயலின் தந்தையெனப் போற்றப்படும் எஸ். ஆர். இரங்கநாதன் அவர்களின் ஆலோசனை. ஊர் மக்களின் பொருள். இவை கூடி எழுந்த மாளிகை 1959ஆம் ஆண்டிலே திறக்கப்பட்டது. 1981ஆம் ஆண்டு மே மாதக் கடைசி இரவிலே அது தீயிடப்பட்டது. ஏறக்குறைய 97 ஆயிரம் நூல்களும் ஓலைச்சுவடிகளும் சாம்பராயின. பின்னர், பழைய தோற்றத்திலேயே அம்மாளிகை மீள எழுப்பப்பட்டு, இந்த நூற்றாண்டின் தொடக்கத்தில் மறுபடியும் வாசகர்களுக்குக் கதவு திறந்தது. முன்றிலிலே கலைமகள் வீற்றிருக்கிறாள். உள்ளே பரீட்சைக்குப் படிக்கும் மாணவர்கள் தலைகுனிந்திருக்கிறார்கள். பார்வையாளருக்கு ஒதுக்கிய நேரத்தைக் கேட்டறிந்து, அவர்களுக்கு இடையூறின்றிச் செல்லுதல் வேண்டும். அங்கே காணத்தக்கது கட்டடம் மாத்திரமன்று. படித்துக்கொண்டிருக்கும் அந்தப் பிள்ளைகளுமாம்.

நூலகத்திலிருந்து கோட்டை நடை தூரம். 1619இலே யாழ்ப்பாண அரசைக் கைப்பற்றிய போர்த்துக்கேயர் நல்லூரை விட்டுக் கடலோரத்திற்குத் தலைநகரை மாற்றிக் கோட்டை கட்டினர். 1658இலே அதனைப் பிடித்த ஒல்லாந்தர் ஐந்து மூலை கொண்டதாகத் திருத்திக் கட்டினர். வெளி அரண்கள் 1792இலேதான் முற்றுப்பெற்றன. மூன்றே ஆண்டுகளில், 1795இலே, அது ஆங்கிலேயர் கைக்குச் சென்றது. அத்தனை காலம் பாடுபட்டுக் கட்டிய அரணை, கட்டியவர் அனுபவித்தது மூன்று ஆண்டு!

காலிக் கோட்டையைக் கண்டவர்கள் இங்கே ஒரு வேறுபாட்டை உணர்வார்கள். அங்கே கோட்டைக்குள் வீடும் கடையும் பள்ளியும் உள, மக்கள் வாழ்கிறார்கள். இங்கே உள்ளே வெட்டவெளி. 1706இலே ஒல்லாந்தர் சிலுவை வடிவிற் கட்டிய தேவாலயம் அண்மைக்காலப் போரிலே தகர்ந்து, சுவரின் அடியும் கற்குவியலுமாய்க் கிடக்கிறது. மதில்கள் போருக்குப் பின் நெதர்லாந்தின் உதவியோடு செப்பனிடப்பட்டன. நூலகம் மீளக் கட்டப்பட்டது, தேவாலயம் கட்டப்படவில்லை. இவ்விரண்டையும் ஒரே காலையிலே பார்ப்பவன், அழிவுக்கு மனிதர் தரக்கூடிய இரண்டு விடைகளையும் பார்த்தவனாவான். எது வேண்டியதோ அது முதலிலே எழுந்தது. எல்லாவற்றையும் புதிதாக்கிவிட்டால் நடந்தது மறந்துபோம். ஒன்றையுமே புதிதாக்காவிட்டால் வாழ்வு நின்றுபோம். இரண்டும் அருகருகே இருப்பது யாழ்ப்பாணத்தின் தற்செயலான ஞானம் என்று சொல்லலாம்.

நண்பகல் வெயிலிலே ஊர் சுற்றுவது மடமை. பட்டினத்தின் நடுவே மலாயன் கபே போன்ற பழைய மரக்கறி உணவுச்சாலைகளிலே வாழையிலையிற் சோறு உண்டு, மாலை நாலு மணி வரை இளைப்பாறுங்கள். அதன்பின் நல்லூர். இன்று நாம் காணும் கந்தசுவாமி கோயில், போர்த்துக்கேயரால் பழைய கோயில் இடிக்கப்பட்ட பின்னர், ஒல்லாந்தர் ஆட்சியிலே, 1734இலே தொடங்கி எழுந்ததென்பர். பூசைகள் குறித்த மணி பிசகாமல் நடப்பதற்கு இக்கோயில் பேர்போனது. ஆடவர் மேலாடை களைந்து செல்லுதல் வேண்டும். வந்தவர் எவராயினும், எத்துணைப் பெரியவராயினும் இவ்விதி ஒன்றே. அருகிலே சங்கிலித்தோப்பு வாயிலும், பகரவடிவிற் கட்டிய யமுனா ஏரியும் அரசர் காலத்துப் பெயர்களைத் தாங்கி நிற்கின்றன. பொழுது சாய்ந்தபின் கோயிற் பின்புறத்துக் குளிர்களிக் கடைகளிலே பிள்ளைகளை மகிழ்விக்கலாம். இரவிலே பிட்டும், முருங்கையிலை இட்ட நண்டுக்கறியும் கிடைக்கும் இடம் தேடுங்கள். அன்று வெள்ளிக்கிழமையாயின் இடியப்பமும் சொதியும் சம்பலும் போதும்.

இரண்டாம் நாள் தீவுகளுக்கு உரியது. விடியலிலே புறப்படுங்கள். பண்ணைப் பாலத்தைக் கடந்து, வேலணை வழியாகப் புங்குடுதீவின் அந்தத்திலுள்ள குறிகட்டுவான் இறங்குதுறையை அடைய ஒரு மணி நேரம். அங்கிருந்து நெடுந்தீவுக்கும் வள்ளம் உண்டு, நயினாதீவுக்கும் உண்டு. இரண்டையும் ஒரே நாளிலே காண எண்ணாதீர்கள். நெடுந்தீவுப் பயணம் ஒரு மணி நேரத்தளவு கடலிலே செல்வது. பவளக்கல் வேலிகளும், காட்டுக் குதிரைகளும், பெருக்க மரமும், ஒல்லாந்தர் கோட்டையின் சிதைவும் அங்கே உள. திரும்பும் வள்ளத்தின் நேரம் தவறினால் இரவு அங்கேதான். ஆதலால் மூன்று நாட் பயணிக்கு நயினாதீவே பொருத்தம்.

நயினாதீவிலே நாகபூசணி அம்மன் கோயிலும், பௌத்தர் நாகதீபம் என்று வணங்கும் விகாரையும் நடக்கும் தொலைவிலே உள்ளன. ஒரே வள்ளத்திலே வெண்ணிற ஆடை உடுத்த சிங்கள யாத்திரிகரும், நேர்த்திக்கடன் வைத்த தமிழ்க் குடும்பத்தாரும் தோளோடு தோள் நெருங்கி அமர்ந்து வருகிறார்கள். மணிமேகலை கூறும் மணிபல்லவம் இத்தீவே எனக் கருதும் அறிஞரும் உளர். இவற்றினும் சிறப்பாக ஒன்றைச் சொல்லுவேன். 12ஆம் நூற்றாண்டிலே ஆண்ட முதலாம் பராக்கிரமபாகு மன்னனின் தமிழ்க் கல்வெட்டொன்று நயினாதீவிலே உள்ளது. ஊராத்துறைக்கு, அதாவது இன்றைய ஊர்காவற்றுறைக்கு, வரும் பிறநாட்டார் காக்கப்பட வேண்டும் என்பது அதன் கருத்து. யானை, குதிரை ஏற்றிவந்த கலம் உடைந்தால் காற்பங்கு அரசுக்கு, முக்காற்பங்கு உடையவனுக்கு. பிற வாணிகச் சரக்கு ஏற்றிய கலம் உடைந்தால் பாதிக்குப் பாதி. உடைந்த கப்பலைக் கொள்ளைப் பொருளாகக் கருதிய காலத்திலே, அந்நியனுக்கும் உரிமை உண்டு என்று கல்லிலே எழுதி வைத்தார்கள். சிங்கள மன்னன் தமிழிலே எழுதுவித்த ஆணை, வந்தவனைக் காப்பது பற்றிய ஆணை. விருந்தினராய் வருவோர் இதனை அறிந்துகொண்டு அத்தீவிலே கால்வைத்தல் நன்று.

மதிய உணவுக்கு வேறெங்கும் போக வேண்டியதில்லை. அம்மன் கோயிலிலே அமுதசுரபி என்று பெயர் சூட்டிய அன்னதான மண்டபம் உண்டு. பந்தியிலே அமர்ந்தால் சோறும் கறியும் வரும். யார், எவ்வூர் என்று கேட்பவர் இல்லை. மணிமேகலையின் பாத்திரத்துப் பெயரை வைத்தவர்கள் அதன் பொருளையும் காத்து வருகிறார்கள். இயன்றதை உண்டியலில் இட்டு வருதல் நம் கடன். மாலைக்குள் பட்டினம் திரும்பினால், கோட்டை மதிலருகிலிருந்து களப்பிலே ஞாயிறு மறைவதைக் காணலாம்.

மூன்றாம் நாள், ஒரு திசை மட்டும். வடக்கே போவதா, வடகிழக்கே போவதா என்று முன்னிரவே தீர்மானியுங்கள். வடக்காயின், கந்தரோடையிலே பவளக்கல்லாலும் சுண்ணக்கல்லாலும் ஆன சிறு தூபிகள் கூட்டமாய் நிற்கின்றன. போல் பீரிஸ் அவர்கள் 1917ஆம் ஆண்டளவிலே அங்கே அகழ்ந்து ஆராய்ந்தார். அப்பால் மாவிட்டபுரம், கீரிமலை. கடல் அலை மோதும் கரையிலிருந்து சில அடி தூரத்திலே நன்னீர் ஊற்று. ஆடவருக்கும் மகளிருக்கும் தனித்தனிக் கேணி. வடகிழக்காயின், நிலாவரைக் கிணறு, வல்லிபுர ஆழ்வார் கோயில், பருத்தித்துறைச் சக்கோட்டை முனை. வழியிலே பருத்தித்துறை வடையை வாங்கிக்கொள்ளுங்கள்; பல நாள் கெடாது, ஊருக்குக் கொண்டு செல்லவும் ஆகும்.

நிலாவரையும் கீரிமலையும் ஒரே உண்மையின் இரு முகங்கள். குடாநாடு சுண்ணக்கல்லின் மேல் அமைந்தது. ஆண்டு முழுதும் ஓடும் ஆறு ஒன்றும் இங்கில்லை. பெய்த மழை கல்லின் வெடிப்புக்களிலே இறங்கி, உவர்நீரின் மேல் நன்னீராய் மிதந்து நிற்கிறது. நிலாவரையிலே மேல்நீர் இனிக்கும். ஆழத்து நீர் உவர்க்கும். அளவுக்கு மிஞ்சி இறைத்தால் உப்பு மேலேறும். விடுதிக் குளியலறையிலே நீர்க்குழாயைத் திறக்கும்போது இதனை நினைவிற் கொள்ளுங்கள். இவ்வூரிலே தண்ணீரைச் சிக்கனமாகச் செலவிடுவதும் ஒரு மரியாதை.

அன்று மதியம் ஒடியற்கூழ். இது கடையிலே போய் உடனே கேட்டுப் பெறும் பண்டமன்று. தங்குமிடத்தாரிடமோ உறவினரிடமோ முதல்நாளே சொல்லி வைத்தல் வேண்டும். பனங்கிழங்கைக் கிழித்துக் காயவைத்தது ஒடியல். அதை இடித்த மாவிலே மீன், நண்டு, இறால், பயற்றங்காய், பலாக்கொட்டை, மரவள்ளிக்கிழங்கு எல்லாம் சேர, புளியும் மிளகாயும் கூட்டிக் காய்ச்சுவார்கள். பனையோலையிற் கோலிய பிழாவிலே ஊற்றி, வியர்க்க வியர்க்கக் குடிப்பார்கள். அந்தப் பிழாவுக்குள் யாழ்ப்பாணச் சரித்திரமே இருக்கிறது. ஒடியல் இந்த மண்ணின் பனை தந்தது. மீனும் நண்டும் களப்பும் கடலும் தந்தவை. மிளகாயும் மரவள்ளியும் அமெரிக்கக் கண்டத்துப் பயிர்கள்; ஐரோப்பியர் கப்பல் ஏறிக் கீழ்த்திசை வந்தவை. மிளகாயில்லாத யாழ்ப்பாணச் சமையலை நாம் கற்பனை செய்யவும் இயலாது. ஆனால் சங்கிலி மன்னனின் பாட்டன்மார் மிளகின் காரத்தோடே உண்டிருப்பர். பாண், கதிரை, அலமாரி என்ற சொற்களைப் போர்த்துக்கேயரும், கந்தோர் என்ற சொல்லை ஒல்லாந்தரும் விட்டுச் சென்றனர். கோட்டையை இழந்தோம், மீட்டோம்; சொல்லையும் மிளகாயையும் மட்டும் திருப்பிக் கொடுக்கவில்லை!

இனி, பட்டியலிலே இல்லாத ஒன்றைச் சொல்லி முடிக்க விரும்புகிறேன். நீங்கள் செல்லும் வழியெல்லாம் கூரையற்ற வீடுகளைக் காண்பீர்கள். சுவரிலே ஆலஞ்செடி முளைத்திருக்கும். முற்றத்து மாமரம் மாத்திரம் தவறாமற் காய்த்திருக்கும். காங்கேசன்துறை, மயிலிட்டிப் பக்கத்து மக்கள் 1990இலே இடம்பெயர்ந்தனர். அவர்களின் காணிகள் போர் முடிந்த 2009க்குப் பின்னரே சிறிது சிறிதாகத் திரும்பி வந்தன. பட்டினத்துச் சோனகத் தெருவிலே பரம்பரையாய் வாழ்ந்த முஸ்லிம் மக்கள் 1990 ஒக்ரோபரிலே, சில மணி நேர அவகாசத்திலே, விடுதலைப் புலிகளால் வெளியேற்றப்பட்டனர். 1995 ஒக்ரோபர் இறுதியிலே வலிகாமத்து மக்கள் இலட்சக்கணக்கிலே ஒரே இரவிற் புறப்பட்டுத் தென்மராட்சிக்கு நடந்தனர். அந்த வீடுகள் சுற்றுலாக் காட்சிகள் அல்ல. அவற்றின் முன்னே நின்று படம் பிடிப்பதற்கு முன், உரியவர் உலகின் ஏதோ ஒரு மூலையிலே உயிரோடிருக்கக்கூடும் என்று எண்ணிப் பாருங்கள். ஒருவேளை அவரும் மூன்று நாள் விடுமுறை எடுத்துக்கொண்டு, உங்களோடு அதே புகையிரதத்தில் வந்திருப்பவராகவும் இருக்கலாம்.

ஆகவே, பிள்ளைகளை அழைத்து வரும் பெற்றோருக்கு ஒரு வார்த்தை. மூன்றாம் நாள் மாலையை எந்த இடத்திற்கும் ஒதுக்காதீர்கள். உறவினர் வீட்டிலோ, தங்கிய வீட்டிலோ, முற்றத்திலே ஒரு கதிரை போட்டு, அங்குள்ள முதியவர் ஒருவரோடு பிள்ளையை இருத்துங்கள். இந்தக் கிணற்றை யார் வெட்டினார், இந்தப் பனை யார் நட்டது, நீங்கள் எந்த ஆண்டு திரும்பி வந்தீர்கள் என்று பிள்ளை கேட்கட்டும். கோட்டை இன்னும் நூறு ஆண்டு நிற்கும். நாகபூசணி அம்மனும் நல்லூர்க் கந்தனும் அடுத்த முறையும் அங்கேயே இருப்பார்கள். அந்த முதியவர் அடுத்த விடுமுறைக்கும் இருப்பார் என்பதற்கு ஒருவரும் பிணை நிற்க முடியாது. மூன்று நாளில் முதலிலே காண வேண்டியது எது என்பதை இதைக் கொண்டே தீர்மானியுங்கள்.